விஞ்ஞானியை உயிரோடு சேர்க்க வேண்டும்

மழை என்று என் மகள் மிருதுளா கத்துவாள், அதுதான் எங்கள் அணியின் சங்கேதச் சொல். கத்தியதும் நான் இந்தப் பலகைக் குடிசையை விட்டு வெளியே வந்து வலது பக்கமாக ஓட வேண்டும். இரும்பு டிரம்களைத் தாண்டி, பெரிய சிமெண்ட் குழாயைத் தாண்டி, தோப்பின் அந்தக் கோடியில் சுண்ணாம்பால் போட்டிருக்கிற வட்டத்துக்குள் போய் நின்றுவிட்டால் முடிந்தது, நாங்கள் ஜெயித்த மாதிரி. யோசிக்க ஒன்றுமே இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டால் கன்றுக்குட்டிகூட இதைச் செய்துவிடும். நான் மின்வாரியத்தில் என்ஜினியராக முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன், ஓடு என்றால் ஓடத் தெரியாதா? தெரியாது போலிருக்கிறது. முகத்தில் இறுக்கிக் கட்டிய கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே அனலாகத் திரும்பி வருகிறது, காலையில் தின்ற பூண்டுச் சட்னி வாசத்தோடு. கழற்றக் கூடாதாம். மைதானத்துக்குள் என்ன ஆனாலும் கவசத்தைக் கழற்றக் கூடாது, கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று ஆரஞ்சுச் சட்டை போட்ட நடுவர் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார், நான்தான் கழற்றப்போகிறவன் என்று எப்படியோ தெரிந்த மாதிரி. பெரிதாக ஒன்றுமில்லை, சின்ன நெல்லிக்காய் அளவுக்குச் சாய உருண்டை. துப்பாக்கியிலிருந்து காற்றழுத்தத்தில் பாய்ந்து வந்து மேலே பட்டு உடையும், பட்ட இடத்தில் மஞ்சளோ நீலமோ வழியும், பட்டவர் அவுட். இதற்குப் பெயர் பெயிண்ட்பால். ஞாயிற்றுக்கிழமை இட்லியைத் தின்றுவிட்டுக் கட்டையைச் சாய்க்க வேண்டியவன் பாலக்காட்டு ரோட்டை ஒட்டிய ஒரு தென்னந்தோப்புக்குள், பிளைவுட் குடிசையில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே வெள்ளைக் கோட்டு வேறு. நான்தான் விஞ்ஞானி.

வெறுமனே ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்வது சின்னப் பிள்ளை ஆட்டமாம். மிருதுளாவும் அவள் ஆபீஸ் சிநேகிதர்களும் ஆடுவது கதை வைத்து ஆடும் ஆட்டம். இன்றைய கதையில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல், மருந்து தெரிந்த ஒரே ஆள் விஞ்ஞானி, அவரை எதிரிகளிடமிருந்து மீட்டு உயிரோடு ஹெலிகாப்டர் வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஹெலிகாப்டர் கிடையாது, வட்டம் மட்டும்தான். வர வேண்டிய பையன் ஒருவன் கடைசி நேரத்தில் வரவில்லை, துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஒரு ஆளுக்கு வேஷம் காலியாக இருந்தது, சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ணப்போறீங்க வாங்கப்பா என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மற்றவர்களுக்கு அடிபட்டால் பரவாயில்லை. கையைத் தூக்கிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும், வைத்தியர் வேஷம் போட்டிருக்கும் ஆல்வின் வந்து தோளைத் தொட்டு ஒரு ரிப்பன் கட்டிவிட்டால் மறுபடி உயிர் வந்துவிடும். விஞ்ஞானிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே ஒரு உருண்டை பட்டாலும் ஆட்டம் க்ளோஸ். மிருதுளாதான் எங்கள் கேப்டன். கார் பானெட் மேல் வேர்க்கடலையைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். "ஒருத்தர் சுடறப்ப இன்னொருத்தர் நகரணும். ரெண்டு பேரும் சேந்து நகந்தா ரெண்டு பேருமே காலி. நான் எடப்பக்கம் ஓடுவேன், அவங்க பூராப் பேரும் என்னையத்தான் சுடுவாங்க. அந்த நேரம்தான் உங்களுக்கு." தோல் உரிக்காத பெரிய கடலை ஒன்றை வலது பக்கமாக நகர்த்தினாள், அது நான். "உனக்கு அடிபட்டா கண்ணு?" "பட்டா என்னங்கப்பா, ஆல்வின் வந்து எழுப்பி உட்டுருவான். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருங்க. திரும்பியே பாக்கக் கூடாது. செரியா?" செரி என்றேன். "நெஜமாத்தானே?" நெஜமாத்தான் என்றேன். அப்புறம் அந்தக் கடலையை உரித்துத் தின்றுவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நெஜமாத்தானே என்று கேட்டபோது அவள் கண் கடலையில் இல்லை, என் முகத்தில் இருந்தது. அது என்ன பார்வை? ஆட்டத்துக்கான பார்வையா அது? விடு, இப்போது எதற்கு அது.

இன்று சாயங்காலத்துக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். ஹாலந்தில், ராட்டர்டாமில் வேலை, துறைமுகங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்பெனி, மூன்று தடவை நேர்காணல் நடத்தி இவள்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். வருகிறேன் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்று. அவள் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. நான் நேராகச் சொல்லவில்லை. காலையில் குளிக்கும்போது முடிவு பண்ணினேன், காரில் போகும்போது சொல்லிவிடுவது என்று. நீ போ கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவு சின்ன வாக்கியம். உக்கடம் வரும்போது சொல்ல வாயெடுத்தேன், மேம்பாலத்தைப் பார்த்ததும் பாலம் நல்லா கட்டியிருக்கான் என்றேன். குனியமுத்தூரில் வாயெடுத்தேன், ஏசியைக் கொஞ்சம் குறைக்கவா என்றேன். மதுக்கரை வந்தபோது வாளையார்க் கணவாய்க் காற்றைப் பற்றி, இந்தக் காற்று எப்படிக் கேரளத்திலிருந்து நுழைகிறது, இங்கே காற்றாலை வைப்பதில் வாரியம் என்னென்ன தப்புப் பண்ணியது என்று ஒரு பிரசங்கமே பண்ணினேன். அவள் ஆமாங்கப்பா ஆமாங்கப்பா என்று கியர் மாற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி வளர்மதி இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அவள் போன மூன்றாம் மாதம்தான் எனக்கு அது முதலில் வந்தது. மார்பில் யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரி, இதோ செத்துவிட்டேன் என்பது மாதிரி. டாக்டர் இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி இதற்கு வேறு ஒரு பெயர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார். நான் மூச்சுமுட்டல் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், அதில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. அது வந்தால் மிருதுளா என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாள். மூக்கால இழுங்கப்பா, வாயால விடுங்க, என்னையப் பாருங்க, இழுங்க, விடுங்க. பெங்களூர் வேலையை வேண்டாம் என்றாள், எனக்காக என்று சொல்லாமலே. பெண்பார்க்க வந்தவர்களிடம் இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றாள். அவள் அறைக் கதவு இரண்டு வருஷமாகச் சாத்தப்பட்டதே இல்லை. இருபத்தாறு வயதுப் பெண் கதவைச் சாத்தாமல் தூங்குகிறாள், அப்பன் எந்நேரம் மூச்சுக்குத் தவிப்பானோ என்று. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே தினமும் படுக்கப் போகும் முன் அந்தத் திறந்த கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவேன். என்ன மனுஷன் நான்.

வந்துவிடும் போலிருக்கிறது. வேண்டாம், இங்கே வேண்டாம். மூக்கால் இழு. வாயால் விட்டால் கவசத்தின் கண்ணாடி மங்குகிறது. இதை அவள் சொல்லித்தரவில்லையே. மூக்காலேயே விட்டுப் பார்க்கிறேன், போதவில்லை, மறுபடி வாய், மறுபடி பனி மூட்டம். பலகை இடுக்கு வழியாகத் தெரிந்த தோப்பு கரைந்து வெறும் பச்சையாகிவிட்டது. எங்கோ டப் டப் என்று சத்தம், தென்னை மரத்தில் உருண்டைகள் பட்டு உடைகிற சத்தம், யாரோ "குழாய்ப்பக்கம் ரெண்டு பேரு!" என்று கத்துகிறார்கள். ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம், வாயை மூடிக்கொண்டு ஆடுகிற அணி தோற்றுப்போகும் என்று பாடத்தில் வந்தது. எங்கள் வீட்டில் யார் கத்துகிறார்கள், நாங்கள் இருவரும் எவ்வளவு நயமாகப் பேசிக்கொள்கிறோம், தோசை போதுமாப்பா, போதும் கண்ணு. அவள் போய்விட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்தான் எல்லா லைட்டையும் போட வேண்டும். ஊருக்கே கரண்ட் கொடுத்தவன், எனக்கு ஆறு மணி இருட்டு பயம். இரண்டு பேருக்கே அந்தக் குக்கர் பெரிது. மாத்திரையை முழுங்கியாச்சா என்று நானே என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், தங்கச்சி வீடு சிங்காநல்லூரில் இருக்கிறது, சாகவெல்லாம் மாட்டேன், டாக்டர் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். சாக மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். பயத்துக்கு அது தெரியவில்லையே. அவள் ஏன் என்னை இங்கே கூட்டி வந்தாள்? ஆள் குறைகிறது என்றால் ஆபீஸில் யாரும் இல்லையா, கிழட்டு அப்பன்தான் கிடைத்தானா? திரும்பிப் பார்க்கக் கூடாது, நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருங்க, நெஜமாத்தானே. ஐயோ. அவள் என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். அவள் இல்லாமல் ஒரு தென்னந்தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான் போய்விடுகிறேனா என்று பார்க்கிறாள். நான் வட்டத்துக்குள் போய் நின்று கையை ஆட்டினால் அவள் ராட்டர்டாமுக்கு வருகிறேன் என்று எழுதிவிடுவாள். போகாவிட்டால்? சே, என்ன புத்தி இது, விளையாட்டு இது, சம்பளத்துக்கு ஓடுகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயம் பூசிக்கொள்ள வந்திருக்கிறார்கள், இதில் சோதனையாவது ஒன்றாவது. ஓடுவேன். நல்லா ஓடுவேன். வளர்மதி இருந்திருந்தால் வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தே விழுந்திருப்பாள். ஓடி, வட்டத்தில் நின்று, கவசத்தைக் கழற்றிவிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன், நீ போ கண்ணு. அங்கே மேம்பாலம் எதுவும் இல்லை, பேச்சை மாற்ற வழியில்லை. இழு. விடு. கூப்பிடு சாமி, சீக்கிரம் கூப்பிடு, இந்தத் தைரியம் தீர்வதற்குள் கூப்பிட்டுவிடு.

"மழை!" ஓடுகிறேன். எழுந்தேனா, கதவை எப்போது தாண்டினேன், தெரியவில்லை, ஓடுகிறேன். இடது பக்கம் ஒரே வெடிச்சத்தம், அவள் சொன்ன மாதிரியே எல்லாத் துப்பாக்கியும் அங்கேதான், என்னைச் சீந்துவாரில்லை. கோட்டு காலில் தட்டுகிறது, தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். டிரம். டிரம்களைத் தாண்டிவிட்டேன். காற்று பட்டுக் கண்ணாடி தெளிகிறது. பரவாயில்லையே, கால்கள் போகின்றனவே, இந்தக் கால்கள் இத்தனை நாள் எங்கே இருந்தன! சிமெண்ட் குழாயின் பக்கத்தில் ஒரு நிமிஷம் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். இங்கிருந்து வட்டம் தெரிகிறது. நடுவில் ஒன்றுமில்லை. ஒரு டயர் இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. கழித்துப் போட்ட மட்டைகளை எல்லாம் ஒதுக்கிப் பெருக்கி வைத்த வெறும் செம்மண் தரை, வெயில், அதற்கப்பால் வெள்ளையாக ஒரு வட்டம், வட்டத்துக்குள்ளும் யாருமில்லை. ஓட வேண்டியதுதானே. எழுந்து நிற்கிறேன். கால் வரவில்லை. ஆறு மணிக்கு லைட் போடாத வீடு இப்படித்தான் இருக்கும். அப்போது பின்னால் அவள் குரல் கேட்கிறது, "கன் அடைச்சிருச்சு! ஆல்வின், கன் அடைச்சிருச்சு!" திரும்பக் கூடாது. திரும்புகிறேன். டயர் அடுக்குக்குப் பின்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துப்பாக்கியை உதறிக்கொண்டிருக்கிறாள், எதிர் அணிக்காரன் ஒருவன் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வருகிறான். பட்டால் என்ன, கையைத் தூக்குவாள், ஆல்வின் வந்து ரிப்பன் கட்டுவான். தெரியும். எல்லாம் தெரியும். நான் வந்த வழியே ஓடுகிறேன், வட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, "எம்புள்ளைய உடுங்கடா!" என்று கத்திக்கொண்டு. அந்தப் பையன் மிரண்டுபோய் என் பக்கம் திரும்பி அழுத்திவிடுகிறான். நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று, காதோரம் ஒன்று. சுள்ளென்று எரிகிறது. விசில் ஊதுகிறது. ஆட்டம் முடிந்துவிட்டது.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. எதிர் அணிக்காரர்கள் வந்து கை கொடுக்கிறார்கள். சுட்ட பையன் சாரிங்க அங்கிள், சாரிங்க அங்கிள் என்று கையைப் பிசைகிறான். "அங்கிள், விஞ்ஞானின்னு பாத்தா நீங்க மெய்க்காப்பாளரா மாறிட்டீங்களே!" என்கிறான் ஆல்வின். "அப்பான்னா இப்படி இருக்கோணுங்க" என்று ஒரு பெண் செல்போனில் என்னைப் படம் எடுக்கிறாள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன், வெள்ளைக் கோட்டில் மஞ்சள் வழிய. பெத்த மனசு கேக்குமா என்கிறேன். கூசாமல் சொல்கிறேன். நான் அவளுக்காகத் திரும்பவில்லை. இந்தத் தோப்பில் இதை அறிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வெறுந்தரையில் காலை வைக்க முடியவில்லை, திரும்பி வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவள் கத்தினாள். அவள் கூப்பிட்டதுகூட ஆல்வினை. கொட்டகை நிழலில் மிருதுளா ஒரு துண்டை நனைத்து என் காதோரம் துடைத்துவிடுகிறாள். கவசத்தின் ரப்பர் அவள் கன்னத்தில் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. திட்டுவாள் என்று பார்க்கிறேன், திட்டினால் நன்றாக இருக்கும். "கொழா வரைக்கும் போயிட்டீங்களேப்பா" என்கிறாள். "ஆமா கண்ணு." "அங்கிருந்து பத்தடிதான்." "நீ கத்துனியேடா." "கத்துனேன்" என்கிறாள். துண்டைப் பிழிகிறாள், மஞ்சள் தண்ணீர் அவள் செருப்பின் மேல் சொட்டுகிறது. மறுபடி நனைத்து, துடைத்த இடத்தையே துடைக்கிறாள். "வலிக்குதுங்களா?" "இல்ல சாமி." பிறகு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து போனை எடுக்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டே, குரலில் ஒரு பிசிறுகூட இல்லாமல், சாயங்காலம் பால் வாங்கணுமா என்று கேட்கிற மாதிரியே கேட்கிறாள். "அவங்களுக்கு வர்லைன்னு போட்டுரட்டுங்களாப்பா?"

கேள்வியாகத்தான் கேட்டாள். அதை நான் மறுக்க முடியாது. போட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை, போடட்டுமா என்றாள், கேட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் பதில் வரும்வரை கட்டைவிரலை அசைக்கவில்லை. அந்த முகத்தில் கடைசியாக ஒரு ஓரத்தில், என்ன சொல்வது, ஒரு ஆசை இருந்தது. சொல்லுங்கப்பா, நீங்க சொன்னாப் போதும் என்கிற ஆசை. போ. ஒரே எழுத்து. சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அதற்குள் என் வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பி மேலே வருகிறது, நான் பயம் என்றுதான் முதலில் நினைத்தேன், இல்லை, அது சந்தோஷம். போக மாட்டாள். அவள் போக மாட்டாள். வெட்கம் கெட்ட சந்தோஷம், தலை தெறிக்க ஓடி வருகிறது, இதற்கு மட்டும் கால் தடுக்கவே இல்லை. சொல்லுடா சிவசண்முகம், இப்போது சொல், இன்னும் அவள் விரல் அசையவில்லை, சொல்லித் தொலை. "உன் இஷ்டம் கண்ணு" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று வளர்மதி கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன், உன் இஷ்டம் என்று, இதே குரலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவள் ஒரு வருஷம்கூடப் போனதில்லை. மிருதுளாவுக்கும் அந்தக் குரல் தெரியும், அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. செரிங்கப்பா என்றாள். கட்டைவிரல்கள் ஓடின, நின்றன, போனைத் திருப்பிப் பையில் வைத்தாள். வாங்கப்பா, சாப்பிடலாம் என்று எழுந்து, நான் எழுந்துகொள்ளக் கை கொடுத்தாள். தக்காளிச் சாதம், வெங்காயப் பச்சடி, அப்பளம். எனக்கு நல்ல பசி. அவள் தன் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறேன்.